ஹிபினோவின் வானம்

தலைவலி நாட்குறிப்பில் நாற்பத்தோராவது நாளாக "வலி இல்லை" என்று எழுதிவிட்டு நவாதே நிமிர்ந்தாள். பிரிவுத் தலைவர் ஹிபினோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கீங்க போல," என்றார். குரலில் வருத்தம்.

"மாத்திரைதான் தலைவரே. வலி வந்தப்புறம் போடறதில்ல, வராம இருக்கறதுக்குத் தினமும் போடறது. மூணு மாசம் விடக்கூடாதாம்."

"வலிக்காத தலைக்கு எதுக்கு மருந்து? மனசுல உறுதி வேணும்."

"உறுதியாத்தான் போட்டுட்டிருக்கேன்."

ஜப்பானின் கனசாவா நகரில் மதிய உணவுப் பெட்டிகள் செய்து விற்கும் அந்த நிறுவனத்தில் ஹிபினோவுக்குத் தனி மரியாதை. காலைக் கூட்டத்தில் ஜன்னலோரம் நின்று, கண்களைப் பாதி மூடி, "மழை" என்பார். சூடான பெட்டிகள் அலுவலகங்களுக்குப் போகும். "வெயில்" என்றால் குளிர்ந்த பெட்டிகள் பூங்காவுக்கு. தொலைக்காட்சி தப்பினாலும் பன்னிரண்டு வருடமாக அவர் தப்பியதில்லை. 'வானமறிந்தவர்' என்று முதலாளியே எழுதிக் கொடுத்தது சட்டமிட்டுத் தொங்குகிறது.

இந்த மாதம் மட்டும் ஆறு முறை தப்பிவிட்டது.

தன் பழைய சோர்ந்த முகத்தின் நினைவுதான் அவரை எரிச்சலாக்குகிறது என்று எண்ணிய நவாதே, வலி நாட்களில் வெளிச்சம் தாங்காமல் போடும் கறுப்புக் கண்ணாடியை மேசையிலிருந்து தூக்கி இழுப்பறையில் போட்டாள். அன்று அவர் "வெயில்" என்றார். நானூறு பெட்டிகள் பூங்காவில் மிதந்தன. மறுநாள் உற்சாகம் காட்டத் தன் இருக்கையருகே இருந்த ஜன்னல் திரையையும் விலக்கினாள். மறுபடி "வெயில்". ஆலங்கட்டி விழுந்தது.

பிறகு அவள் மேசைக்கு ஹிபினோவின் பரிசுகள் வரத் தொடங்கின: நாறும் பாலாடைக்கட்டி, சிவப்பு ஒயின், மூக்கைத் துளைக்கும் லில்லிப் பூக்கள். எல்லாம் தலைவலியைக் கிளப்புபவை என்று அவள் நாட்குறிப்பில் எழுதியிருந்தவை. நன்றி சொல்லி, அத்தனையையும் துப்புரவு செய்யும் தொமே அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

கடைசியில் ஹிபினோ குனிந்து வணங்கியே கேட்டார். "நாளைக்கு முதலாளி வர்றாரு. இன்னிக்கு மட்டும் மாத்திரையை விட்டுடுங்களேன்."

இருட்டறையில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளை நவாதே நினைத்துப் பார்த்தாள்.

"மன்னிக்கணும் தலைவரே. வேலையை வேணும்னா விடறேன்."

மறுநாள் முதலாளி முன்னால் ஹிபினோ ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். ஓரக்கண்ணால் நவாதேயைப் பார்த்தார். அவள் அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டு, தைரியம் சொல்வதுபோல் புன்னகைத்தாள்.

"வெயில்," என்றார் ஈனக்குரலில்.

இடி இடித்தது.

"நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள் நவாதே.

தொமே அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "குணமானதுதான் தப்பு. மழைக்கு முன்னாடியே உனக்குத் தலை வலிக்கும். பன்னிரண்டு வருஷமா நீ கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்த அன்னிக்கு மட்டும்தானேம்மா அவரு மழைன்னு சொன்னாரு."