சொத்துரிமைச் சட்டத்துக்குள் ஒரு தீவு

கப்பல் பாறையில் மோதுகிற நேரம் பார்த்து அப்பா அறைக்குள் வந்துவிட்டார். இளைய வக்கீல் படித்துக்கொண்டிருந்த சிறுவர் சாகச நாவலைச் சொத்துரிமைச் சட்டப் புத்தகத்துக்குள் செருகினார்.

காதோரம் நரைத்த பிறகும் அதையே திரும்பத் திரும்பப் படிக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? கதைப் புத்தகம் வாசற்படி ஏறாத குடும்பம் என்று மூன்று தலைமுறையாக மார்தட்டிக்கொண்ட வீடு அது. போதாததற்கு, தன் வக்கீல் அலுவலகச் சாவி மகனுக்கா மாப்பிள்ளைக்கா என்று பெரியவர் அன்றுதான் தீர்மானிக்கவிருந்தார். பிடிபட்டால் சாவி மாப்பிள்ளைக்கு.

"என்னடா படிக்கிற?"

"ஒரு கேஸுப்பா."

"என்ன கேஸ்?"

இங்கே வாயை மூடியிருக்கலாம். மூடத் தெரிந்த வாயா அது?

"புதையல் கேஸ். தீவுல ஒரு பெட்டி. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் உரிமை கேக்குறாங்க."

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதிர்த்தரப்பு?"

"ஒரு கப்பல்காரன். தாடிக்குள்ள கத்தி வெச்சிருப்பான்."

கதவருகே நின்ற மாப்பிள்ளை களுக்கென்று சிரித்தார். அவரும் வக்கீல்தான். "கட்சிக்காரங்கள நேர்ல கூட்டிட்டு வாங்களேன் மச்சான், பாப்போம்."

"தலைமறைவா இருக்காங்க."

"எங்க?"

"குகையில."

பொய்யை மறைக்க ஒரு குகை. குகையைக் காப்பாற்ற ஒரு சுரங்கம். சுரங்கத்துக்குள் வெள்ளத்தையும் திறந்துவிட்டார் அந்தச் சட்ட மேதை. மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை. வெள்ளம் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம்?"

"மேல ஒரு ஓட்டை இருக்கறதத் தங்கச்சி கண்டுபிடிச்சா. ரெண்டு பேரும் ஏறித் தப்பிச்சுட்டாங்க."

"பெட்டி?"

"தண்ணியே வெளிய தள்ளிடுச்சுப்பா."

"தாடிக்காரன்?"

"அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

பெரியவர் நீளமாக மூச்சு விட்டார். சாவியை மகன் முன்னால் வைத்தார். மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போனார்.

இளைய வக்கீல் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களா மாப்பிள்ளை? வாதத் திறமைன்னா இதுதான்."

கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"கிழிச்ச! சின்ன வயசுல, வெள்ளம் கழுத்துக்கு வந்த இடத்துல, உங்கப்பா கையிலேருந்து உங்க தாத்தா அந்தப் புத்தகத்தப் பிடுங்கி அடுப்புல போட்டாராம். இன்னிக்குத்தான்டா அந்த மனுஷனுக்கு முடிவு தெரிஞ்சுது."