அடைப்புக்குறியால் சிறைக்குப் போன கதை

அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, நாலு மணிக்குள் எங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் மூன்று சின்னப் பெட்டிகளை நிரப்புவது.

கேள்வி கேட்டிருந்தவள் வீராம்பட்டினத்து யாழினி, ஆறாம் வகுப்பு. "எங்க அத்தை கம்ப்யூட்டர்ல நாடகம் மாதிரி ஒரு விளையாட்டு ஆடறாங்க. படமே கிடையாது. நிறைய பேர் சேந்து, எழுதி எழுதியே நடிக்கிறாங்க. அதுல எத்தனை வகை? போன மாசம் திமிங்கிலத்தை மீன்னு போட்டீங்க. இதையாவது சரியா போடுங்க."

இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறேன். ஒரே பிள்ளையிடம் இரண்டு முறை வாங்கிக்கட்டிக்கொள்ள முடியாது.

கடிதத்தின் அடியில் அத்தையின் நம்பர் இருந்தது. பெயர் தேவகி. பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தவரைப் போனில் பிடித்தேன்.

"மூணு வகை மேடம். மொத வகைல, இஷ்டம் இருந்தா நடிக்கலாம், இல்லன்னா சும்மா ஊர சுத்தலாம், சண்ட போடலாம். ரெண்டாவதுல நடிச்சே ஆவணும். ஆனா சொந்த விஷயத்த அடைப்புக்குறி போட்டு பேசிக்கலாம். குக்கர் விசில் அடிக்குது, இரு வரேன்னு."

"மூணாவது?"

"அது சொன்னா புரியாது மேடம். நாங்க ஆடறது அதுதான். உள்ள வந்து பாருங்க."

இரண்டு பெட்டிகளை நிரப்பிவிட்டு உள்ளே போனேன்.

இங்கே என் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். கடினமாக எதையாவது எழுதினால் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு விளக்கிவிடுவேன். படிக்கிற குழந்தை தடுக்கி விழக்கூடாது. வீட்டுக் காய்கறிச் சீட்டில்கூட "சுரைக்காய் (நீளமானது)" என்றுதான் எழுதுவேன்.

விளையாட்டு ஒரு பழைய துறைமுக நகரத்தில் நடந்தது. எனக்குக் கிடைத்த பாத்திரம், உப்பு விற்கும் முத்தம்மா. கோட்டை வாசலில் ஒரு சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நம் ஊர் வழக்கப்படி சொல்தா.

"யாரு நீ? எதுக்கு வந்த?" என்று திரையில் வரி வந்தது.

நான் தெளிவாக எழுதினேன்: "என் பெயர் முத்தம்மா (உண்மைப் பெயர் அல்ல). உப்பு விற்க வந்திருக்கிறேன் (உண்மையில் தகவல் சேகரிக்க)."

பக்கத்தில் நின்ற மீன்காரி உடனே பேசினாள். "கேட்டீங்களா சொல்தா? பேரு பொய்யாம். வேவு பாக்க வந்தாளாம். அவளே ஒத்துக்கறா."

பதறிப்போய் விளக்கினேன்: "தவறாக நினைக்காதீர்கள் (நான் வெளியே இருந்து பேசுகிறேன்)."

"வெளிய வேற ஆளு வெச்சிருக்கா," என்றாள் மீன்காரி.

சொல்தா என்னைச் சிறையில் தள்ளினார். உப்பு மூட்டையைப் பறிமுதல் செய்தார்கள்.

அப்போது எங்கள் பக்கத்தை வடிவமைக்கும் செல்வம் போன் செய்தார். மணி மூன்றரை.

"மேடம், மூணாவது பெட்டி காலியா கெடக்கு. ஒரு விளம்பரம் இருக்கு, வெச்சுடவா?"

"என்ன விளம்பரம்?"

"மூலத்துக்கு மருந்து."

"செல்வம், அது சிறுவர் பக்கம்."

"அப்ப நாலு மணிக்குள்ள எழுதி அனுப்புங்க."

சிறையிலிருந்து கெஞ்சினேன்: "ஐயா, என்னை விடுங்கள் (நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்)."

நகரமே கலங்கிவிட்டது. ஆலயமணி அடித்தார்கள். கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். பீரங்கியைக் கடல் பக்கம் திருப்பினார்கள். மீன்காரி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிக்கொண்டே, "நாலு மணிக்கு கோட்டைய கொளுத்தப் போறாளாம்," என்று தெருத்தெருவாகச் சொன்னாள்.

மறுபடி தேவகிக்குப் போன் போட்டேன்.

"தேவகி, நான் ஜெயில்ல இருக்கேன்."

"தெரியும் மேடம். நான்தான் உங்கள புடிச்ச சொல்தா."

"முத்தம்மா நான்தான்னு தெரியாதா?"

"அடைப்புக்குறிய பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. யாழினி வாராவாரம் உங்க பக்கத்த சத்தம் போட்டுப் படிக்கும்."

"அப்புறம் ஏன்மா உள்ள போட்டே?"

"எனக்குத் தெரியும் மேடம். சொல்தாவுக்குத் தெரியாதே."

போனை வைத்தேன். மூன்றாவது பெட்டியில் எழுதினேன்: "இந்த வகையில், அடைப்புக்குறிக்குள் எழுதுவதும் பாத்திரத்தின் பேச்சுதான். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பாத்திரத்துக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் நடந்துகொள்ளவும் கூடாது." எழுதி முடித்ததும் கை தானாக ஓர் அடைப்புக்குறியைத் திறந்தது. அழித்துவிட்டு அனுப்பினேன். நாலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மூல மருந்து விளையாட்டுப் பக்கத்துக்குப் போனது.

யாழினியிடமிருந்து அடுத்த வாரம் ஒரு வரி வந்தது: "சரியா இருக்கு."

முத்தம்மா மட்டும் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விசாரணை. நல்ல வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள் (உண்மையாகவே).