குழித்துறையில் ஒரு டயர் மாற்றம்

மனித குலத்தை ஒன்றாக்கச் சமயங்களால் முடியாமல் போனதை மோட்டார் பந்தயம் முடித்துக் காட்டிவிட்டது. இதைக் குழித்துறை வட்டார மோட்டார் பந்தய ரசிகர் பேரவை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறது. ஜப்பான்காரரும் பிரேசில்காரரும் அரபியரும் எதைப் பார்த்துக் கைதட்டுகிறார்களோ, அதையே வாடகை மண்டபத்தில் பெரிய திரை கட்டி, ஞாயிறு மாலைகளில் எண்பது பேர் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நாமம் தரித்தவரும் ஜெபமாலை அணிந்தவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள்.

செயலாளர் செல்வதாஸ் பதினோரு வருடம் துபாயில் இருந்தவர். பந்தயத்தில் அவர் உயிராக மதிப்பது டயர் மாற்றும் கட்டத்தைத்தான். இருபது பேர் பாய்ந்து வந்து, காரைத் தூக்கி, இரண்டரை வினாடியில் நான்கு டயரையும் மாற்றிவிடுவார்கள்.

“இதுக்குப் பேருதான் மக்கா சகோதரத்துவம்” என்பார். கண் கலங்கும்.

அன்றும் அப்படிக் கலங்கிக்கொண்டிருந்தபோது, மண்டபத்து வாசலில் ஓர் ஆட்டோ பின் டயர் வெடித்து நின்றது. உள்ளே கடியப்பட்டணத்து இஞ்ஞாசி நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஞானசெல்வி.

ஓட்டுநர் லிபின் குதித்திறங்கி அவரை மண்டபப் படியில் உட்காரவைத்தான். “அண்ணே, ஆஸ்பத்திரி கேஸு! ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இல்ல. ரெண்டு பேரு வண்டியச் சாய்ச்சுப் பிடிச்சாப் போதும்!”

பேரவை மொத்தமும் வெளியே வந்தது. கண்ணெதிரே டயர் மாற்றம். அதுவும் டிக்கெட் இல்லாமல்! குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று அழகான அரைவட்டம் அமைந்தது. செல்போன்கள் உயர்ந்தன.

“ஏலே, முதல்ல நட்ட லூஸாக்கு” என்றார் பொருளாளர் தாணுலிங்கம்.

“பேலன்ஸ் முக்கியம் கேட்டியா” என்றான் ரிஜோ, படம் பிடித்தபடி.

“ஒரு கை பிடியுங்கண்ணே!”

“நீ பண்ணு மக்கா, நாங்க பாக்கோம்லா!”

செல்வதாஸின் கை முன்னால் நீண்டது உண்மை. ஆனால் புதுச் சட்டை, அதுவும் வெள்ளை. நீண்ட கை திரும்பி வந்து ஸ்டாப் வாட்சை அழுத்தியது.

ஞானசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். தனியாளுக்கு அது அசையவில்லை. உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்த சொர்ணம்மாள் கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

“தூக்கு மோளே!”

ஆட்டோ சாய்ந்தது. பலத்த கைதட்டல். லிபின் டயரை மாற்றி முடித்தான்.

“பதினாலு நிமிஷம்!” என்று அறிவித்தார் செல்வதாஸ். “ரொம்ப லேட்டு, அக்கா.”

“லேட்டுதான்” என்றாள் ஞானசெல்வி, கணவரைத் தாங்கி ஏற்றியபடி. “எண்பது ஆம்பளையளும் சும்மா நிக்க அம்புட்டு நேரம் ஆயிட்டுல்லா.”

இஞ்ஞாசி பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள் சொர்ணம்மாள் வந்து சொன்னாள். கடவுள் பெரியவர். செல்வதாஸும் மனநிறைவோடு, மணிமணியான கையெழுத்தில், பேரவையின் நிகழ்ச்சிக் குறிப்பை எழுதி முடித்தார்:

‘பார்வையாளர் ஒழுங்கு உலகத் தரத்தில் இருந்தது. நோயாளி வலியில் துடித்தபோதும், நம் உறுப்பினர் ஒருவர்கூடப் பந்தயப் பாதையில் கால் வைக்கவில்லை.’