மதர்போட் ஒப்பீட்டில் விடுபட்ட ஒரு கட்டம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
19.09.2007

கொழும்பில் கணினி மாத இதழ் நடத்திவரும் பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற கனகரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மகள் பூரணியும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் குறைவின்றி இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். இக்கடிதத்தை ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் பிரசுரிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

யூலை இதழில் மலிவான மதர்போட்டையும் உயர்தர மதர்போட்டையும் ஒப்பிட்டு ஆறு பக்கம் எழுதியிருந்தீர்கள். இருபத்திரண்டு கட்டம் கீறி, செப்புக் குழாய்க்கு இத்தனை, மின்னல் தாங்குவதற்கு இத்தனை என்று புள்ளி போட்டு, மலிவானதற்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டும் உயர்தரத்துக்குத் தொண்ணூற்றாறும் கொடுத்திருந்தீர்கள். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். அதுதான் என் தவறு.

பூரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்து ரைப்பிங் கடை நடத்துகிறாள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை கறண்ட் போய், திரும்பி வந்த வேகத்தில் அவளுடைய மதர்போட்டும் அடுத்த கடை ஜவாஹிர் தம்பியின் மதர்போட்டும் ஒரே நொடியில் எரிந்துபோயின. எரிந்த நேரம் நல்ல நேரமில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து தங்கேஸ்வரி என்ற பெண் நாலு நாளாக வந்து கடைக் கதிரையில் இருந்து ஒரு மனு அடிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் யோகராசா மீன்பிடிக்கப் போகிறவர். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் நடந்த ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மனு வாங்க ஒரு குழு வருவதாக அறிவித்திருந்தார்கள். மனுவைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தந்த மாஸ்ரர் கண்டிக்குப் போய்விட்டார். தமிழும் சிங்களமும் இரண்டுமே கணினிக்குள் கிடந்தன.

பூரணி சொன்னாள்: "அப்பா, நான் அடிக்கிறது மனுவும் கலியாணக் கார்டும். அதுக்கு மலிவானதே காணும்."

"அப்பிடிக் கதைக்காதை பிள்ளை. தொண்ணூற்றாறு எண்டு போட்டிருக்கு."

செவ்வாய்க்கிழமை நானும் ஜவாஹிரும் கொழும்புக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஐயா கேம் விளையாடுவீங்களோ?" என்று கேட்டார். எனக்கு அறுபத்து நாலு வயது என்றேன். அவர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் போட் வந்த பெட்டி கறுப்பு. அதன்மேல் தலைக்கவசம் போட்ட ஒருவன் துப்பாக்கியோடு குந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. பெயர் 'பிளாக் கொமாண்டர்'. ஜவாஹிர் உங்கள் ஐம்பத்தெட்டை வாங்கினார். அவருடைய மட்டைப்பெட்டியில் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை திரும்பி வரும்போது வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் ஜவாஹிரின் பெட்டியில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார், மூடினார், போகச் சொன்னார். என் பெட்டியைப் பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் தங்கள் பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே உயர்தரப் போட்டுக்கே உரிய சிறப்பம்சங்கள் எல்லாம் உங்கள் பதினைந்தாம் பக்கத்தில் இருந்தபடியே இருந்தன: நிறைய வயர், ஒரு பற்றரி, இரண்டு இலக்கம் எரியக்கூடிய ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'START' என்று எழுதிய ஒரு சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானுக்கு நீங்கள் பத்துக்குப் பத்துக் கொடுத்திருந்தீர்கள். அங்கே ஒருவரும் அதைத் தொடவில்லை. சுற்றி மணல் மூட்டை வைத்தார்கள்.

"இது என்ன?"

"மதர்போட் ஐயா."

"இந்த நம்பர் எதுக்கு?"

"பிழை ஏதும் நடந்தால் காட்டும்."

"என்ன பிழை?"

இதற்குப் பதில் உங்கள் கட்டுரையில் இல்லை. இருந்தும் நான் இதழை எடுத்து நீட்டினேன். அது தமிழில் இருந்தபடியால் அதையும் வாங்கித் தனியாக வைத்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது. இதைவிடச் சின்னக் காரணத்துக்காகப் போய் வராதவர்கள் எங்கள் வீதியிலேயே உண்டு. ஜவாஹிர் மட்டும் பஸ்ஸில் ஏறாமல் தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க மரத்தடியில் குந்தியிருந்தார். போய்விடு தம்பி என்று கையைக் காட்டினேன். "உங்களை விட்டிட்டுப் போய்ப் பூரணிக்கு என்னத்தைச் சொல்ற ஐயா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஓர் இளம் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். போட்டைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மணல் மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்து, கையில் எடுத்து, திருப்பி, செப்புக் குழாயைத் தடவினார். "அங்கிள், இது கேம் விளையாடுற போட். பெஸ்ட் சாமான். நீங்க எதுக்கு வாங்கினது?"

"கடிதம் அடிக்க."

மனு என்று சொல்ல நா எழவில்லை.

"கடிதம் அடிக்கச் சின்னது போதும் அங்கிள்."

இதைத்தான் பூரணி வீட்டில் சொன்னாள். அதை இரண்டாம் தரம் கேட்க நான் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றேன். என்னை விட்டார்கள். போட்டை மேலதிக பரிசோதனைக்கென்று வைத்துக்கொண்டு ஒரு துண்டு எழுதித் தந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஜவாஹிர் தன் கடையைத் திறக்காமல் எங்கள் கடைக்கு வந்து, தன் மலிவுப் போட்டைப் பூரணியின் கணினியில் பொருத்திப் பூட்டினார். "என்ட கடை ரெண்டு நாள் பூட்டிக் கிடந்தா ஒண்டும் ஆகாது. மனு ஆகணும்" என்றார். திரை வெளிச்சம் வந்தபோது தங்கேஸ்வரி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"அவரிட பேர் கிடக்கோ பார் பிள்ளை."

"கிடக்கு அக்கா."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை மனு கச்சேரிக்குப் போனது. இதை எழுதும் இன்றுவரை அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

என் போட் பதினொரு நாள் கழித்துப் பத்திரமாகத் திரும்பி வந்தது. பூட்டினோம். எங்கள் பழைய பவர் பெட்டி அதற்குப் போதாதாம். புதுப் பவர் பெட்டி வாங்கிப் பூட்டினோம். இப்போது ஊர்க் கறண்ட் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. எங்கள் கறண்ட் ஏறாமல் இறங்காமல் இருந்ததில்லை. ஆகவே அது மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது. பூரணி ஜவாஹிரின் போட்டிலேயே வேலை செய்கிறாள். ஜவாஹிர் இன்னொரு மலிவானதை வாங்கிக்கொண்டார். மலிவான போட் ஊர்க் கறண்டோடு ஒத்துப்போய்விட்டது. நாங்களும் அப்படித்தானே ஒத்துப்போய் இருக்கிறோம்.

ஆகையால் ஆசிரியர் ஐயா, உங்கள் இருபத்திரண்டு கட்டங்களோடு இருபத்துமூன்றாவதாக 'சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல இலகு' என்றொரு கட்டம் கீறி, உயர்தரத்துக்குப் பூச்சியம் போட்டு, என் பெயரோடும் விலாசத்தோடும் திருத்தம் வெளியிட வேண்டும். எனக்கு எவரிடமும் பயமில்லை.

தங்களுக்கும் தங்கள் பணியாளர்க்கும் எல்லா நலமும் கிட்டுவதாக.

இப்படிக்கு,
சந்தா செலுத்தும் வாசகர்,
க. கனகரத்தினம்

பிற்குறிப்பு (23.09.2007): தபாலில் போடுவதற்குள் நேற்றுப் பின்னேரம் யோகராசா வந்துவிட்டார். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. இன்று மெலிந்து, இந்த வெக்கையிலும் முழுக்கைச் சேட்டோடு கடைக்கு வந்து, நன்றி சொல்லி, பூரணி அடித்து வைத்த இக்கடிதத்தை முழுவதும் மெதுவாக வாசித்தார். பிறகு, "அண்ணை, பேப்பரில போடவேண்டாம். விட்டவங்களும் வாசிப்பாங்கள், விடாதவங்களும் வாசிப்பாங்கள்" என்றார். ஆகையால் மேலே எழுதியவற்றில் ஒன்றையும் பிரசுரிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும், வாசித்ததும் கிழித்துவிடுங்கள். ஏதாவது போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் இவ்வளவு போதும்: 'மலிவான மதர்போட்டும் நல்லது. உயர்தர மதர்போட்டும் நல்லது. வீதிகள் நல்லாயிருக்கின்றன. இங்கே மழை பெய்கிறது. இப்படிக்கு, ஒரு வாசகர், இலங்கை.'

மழை பெய்யவில்லை. அதையும் வெட்டிவிடுங்கள்.