கணினி மாமா சாக வேண்டும்

பேரன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் உங்கள் நலத்தை நான் தினமும் மூன்று வேளை கணினியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை வரை சிரித்த முகத்துடன் இருக்கிறீர்கள். அதுதான் பிரச்சினையே.

போனில் பேசாமல் ஏன் மின்னஞ்சல் எழுதுகிறேன் என்றால், போனில் நீங்கள் "சரிடா செல்லம், மாமா டிரைவிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் நீங்கள் திரும்பி வரும்வரை அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னேன், "ம்" என்றார். ஆனால் அப்போது அவர் ஒரு கைக்கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அதனால் அந்த "ம்" எனக்கா கடிகாரத்துக்கா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அரைகுறையாக எழுத எனக்கு வராது. அம்மா மருந்தாளுநர் கல்லூரியில் நடத்துவது மருந்து இயக்கவியல். உள்ளே போன மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நேரம் தங்குகிறது, கிட்னி எவ்வளவு வேகமாக அதை வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு. இதற்கு வாரத்தில் ஒரு செய்முறை வகுப்பு உண்டு. அந்த வகுப்புக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, வரும் திங்கட்கிழமை துறைத் தலைவர் முன்னால் அம்மா ஓட்டிக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அந்த வகுப்பு அவருடைய மாத்திரை தயாரிக்கும் பாடத்துக்குப் போய்விடும். அவர் ஏற்கெனவே, "கோடு ஏறுது, கோடு இறங்குது, இதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? போர்டுல ஒரு மலையை வரைஞ்சு காட்டுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாராம். அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்த வேகத்தில், அப்பாவின் மேசையிலிருந்த ஒரு விநாடி முள் பறந்து போய்விட்டது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மென்பொருள்களைச் சோதிக்க அம்மா என்னைத்தான் உட்கார வைத்தாள். "என் பசங்களுக்குப் புரியலைன்னா தலையை ஆட்டுவாங்க. உனக்குப் புரியலைன்னா நீ உசுரை எடுப்ப. எனக்கு உசுரை எடுக்கிற ஆள்தான் வேணும்" என்றாள். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் மென்பொருள், யாரோ ஒரு பேராசிரியர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. நோயாளியே கிடையாது. திறந்தவுடன் வெறும் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் கேட்கிறது, எந்த எண் என்று சொல்ல மாட்டேன் என்கிறது, ஒன்று தப்பினாலும் "பிழை" என்று எழுதிவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது, மறுபடி திறந்தால் போட்ட எண்களெல்லாம் போய்விட்டிருக்கின்றன. நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஒரு தடவை எல்லாம் சரியாகப் போட்டு ஒரு கோடு வந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டுப்படி நோயாளி பிறக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு மருந்து ஏறியிருக்கு" என்றாள். கணக்கில் அது எல்லாவற்றையும் விடத் துல்லியமானது என்கிறாள் அம்மா. இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் அது எதையாவது சொல்லிக்கொடுக்கிறது.

இரண்டாவது, நீங்கள் விற்பது. மாமா, அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருக்கும், கடிதத்தில் சொல்லலாம். நோயாளிக்கு எடை உண்டு, வயது உண்டு, கிட்னியை நாமே கூட்டிக் குறைக்கலாம். மருந்து பச்சைக் கோட்டுக்குக் கீழே போனால் பலன் இல்லை, சிவப்புக் கோட்டுக்கு மேலே போனால் விஷம் என்று பார்த்தவுடனே புரிகிறது. உங்கள் கம்பெனியில் படத்துக்கு ஆள் பிடிக்கச் சோம்பல்பட்டு உங்கள் போட்டோவையே நோயாளிக்கு வைத்துவிட்டார்கள் என்பதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டில் அவருக்குக் கணினி மாமா என்று பெயர். மீசைகூட அப்படியே.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கணினி மாமாவின் கிட்னியைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு, முழு டோஸை மேலே மேலே கொடுத்தாள். வெளியே போகாத மருந்தின் மேல் புது மருந்து ஏறி ஏறி, கோடு படிக்கட்டு மாதிரி உயர்ந்து சிவப்பைத் தாண்டி, திரையை விட்டே வெளியே போய்விட்டது. கணினி மாமா சிரித்தார்.

"என்னடா இது, இன்னும் சிரிக்கிறான்?" என்றாள் அம்மா.

"சாக மாட்டாருக்கா" என்றீர்கள் நீங்கள், என்னமோ கூடுதல் வசதி மாதிரி. "போன வருஷம் ஒரு காலேஜ்ல காட்டும்போது நடுவுல செத்துட்டாரு. பிரின்சிபால் முகம் சுருங்கி எழுந்து போயிட்டாரு. ஒரு ஆர்டர் வரலை. அதுக்கப்புறம் நான்தான் எஞ்சினியர்கள்கிட்டச் சொல்லி சாவை நிறுத்தி வெச்சேன்."

சாவை நிறுத்தி வைத்த ஒரே மனிதர் எங்கள் மாமா என்று பள்ளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மா நம்பினாள். நம்பியதால்தான் கோபம் வந்தது.

"நாளைக்கு இந்தப் பசங்க மருந்துக்கடை கவுன்டர்ல நிப்பாங்கடா. டாக்டர் அவசரத்துல தப்பா எழுதிட்டா தடுக்க வேண்டிய கடைசி ஆள் இவங்கதான். இவங்க கையால ஒருத்தராவது சாகணும், இங்க, இந்தப் பெட்டிக்குள்ளயே. அப்பத்தான் வெளியில கை நடுங்கும். நீ என்னன்னா, எவ்வளவு கொடுத்தாலும் சிரிக்கிற ஆளைக் கொண்டுவந்து வெச்சிருக்க."

"எனக்கு டார்கெட் இருக்குக்கா. செத்துப்போற ஆளை யாரு வாங்குவா?"

"அப்ப நானும் வாங்கலை."

நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டீர்கள். அம்மா உங்கள் தட்டை எடுக்காமல் வெகுநேரம் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு உங்கள் பேச்சை எடுத்தாலே, "தம்பின்னு வாங்கினாள்னும் யாரும் சொல்லக் கூடாது, தம்பிகிட்டப் போய்க் கெஞ்சினாள்னும் யாரும் சொல்லக் கூடாது" என்கிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை மாமா. நானும் அப்பாவும்தான் வீட்டில் இருக்கிறோம்.

ஆனாலும் அம்மா நியாயமானவள். தம்பி மேல் கோபம் என்பதற்காக மென்பொருளைத் தூக்கிப் போடவில்லை. "இந்தப் பழுதான கிட்னிக்குச் சரியான டோஸ் எதுன்னு கண்டுபிடி பார்க்கலாம்" என்று எனக்கு வேலை கொடுத்தாள். நான் கண்டுபிடித்தேன். பாதி டோஸ். கோடு பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் சமர்த்தாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான கோட்டை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அப்பா தேநீருடன் வந்து திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் மென்பொருளில் ஒரு நிமிடத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிடும் அல்லவா? மாணவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்பா கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தப்பாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. பல் டாக்டர் வீட்டுக்குப் போனால்கூட அங்கே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "ரொம்ப வேகமா ஓடுதே" என்று சொல்லிவிட்டு, நான் பாத்ரூம் போய் வருவதற்குள் எங்கெங்கோ அழுத்தி, வீட்டுக் கடிகாரத்தோடு சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து கணினி மாமாவுக்கு எட்டு மணி நேரம் என்றால் நிஜமாகவே எட்டு மணி நேரம்.

நாங்கள் என்ன செய்ய முடியும்? மருந்து வேளை வந்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? காலையில் நான், மத்தியானம் அப்பா, படுக்கப் போகும்முன் அம்மா என்று பிரித்துக்கொண்டோம். அப்பா கடையைச் சாத்திவிட்டு வருகிறார். வாடிக்கையாளரிடம், "மச்சானுக்கு மருந்து கொடுக்கணும், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வருவதால், தெருவில் பாதிப் பேர் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டுவிட்டோம், மன்னிக்கவும்.

நேற்று அப்பாவின் நண்பர் வீடு மாறினார். விடியற்காலையிலேயே மூவரும் உதவிக்குப் போன இடத்தில் அலமாரி மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றதால் திரும்பி வர வெகுநேரம் ஆகிவிட்டது. இரண்டு வேளை டோஸ் தவறிவிட்டது. வந்து பார்த்தால் கோடு பச்சையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஐயையோ மச்சான்" என்று ஓடிப்போய், விட்டுப்போன இரண்டையும் அன்றைய படுக்கை வேளையையும் சேர்த்து மூன்றாகக் கொடுத்துவிட்டார்.

கோடு எகிறி, சிவப்புக்கு மேலே போய் நின்றது. கணினி மாமா சிரித்தார்.

அம்மா அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதைத்தான் நிஜத்துல எல்லாரும் செய்றாங்க. பாசத்துலதான் செய்றாங்க. செஞ்சா என்ன ஆகும்னு காட்டணும். இவன் பல்லைக் காட்டறான்" என்றாள். பிறகு அந்தக் கட்டங்கள் மென்பொருளையே திங்கட்கிழமைக்கு எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டாள். அது துறைத் தலைவர் முன்னால் "பிழை" என்று மூடிக்கொள்ளும். அவர் போர்டில் ஒரு மலையை வரைவார். அம்மாவின் வகுப்பு போய்விடும். இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

ஆகவே மாமா, அம்மா கேட்க மாட்டாள் என்பதால் நான் கேட்கிறேன். தயவுசெய்து கணினி மாமாவைச் சாக விடுங்கள். திங்கட்கிழமைக்குள் உங்கள் எஞ்சினியர்களிடம் சொல்லி சாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடியாது என்று நீங்கள் சொன்னால், நான் பேருந்து ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்துவிடுவேன். நூலகத்திலிருந்து தடித்த புத்தகமாக மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அவசரமே இல்லை. யார் என்ன வேண்டும் என்று கேட்டாலும், "எங்க மாமா சாகணும்" என்று உண்மையைத்தான் சொல்வேன். அது உங்கள் டார்கெட்டுக்கு நல்லதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள். பாப்பாவுக்கு முத்தங்கள். அவன் கடித்த என் அறிவியல் புத்தகத்தை ஒட்டிவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் நீடூழி வாழ வேண்டும், கணினியில் மட்டும் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,

நீங்கள் வைத்த பட்டப்பெயரிலேயே,
அகராதி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளுபடி செய்துவிடுங்கள் மாமா. அனுப்பப் போகும் நேரத்தில் அப்பா மத்தியான டோஸ் கொடுக்க வந்தார். கோடு இன்னும் சிவப்புக்கு மேலேதான் நின்றது. "இன்னிக்கு மருந்து வேண்டாம், இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சும்மா போகாமல் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அமைப்புகளைத் திறந்தார். அங்கே ஒரு மூலையில் "விற்பனைக் காட்சி" என்று ஒரு சின்னக் கட்டம், அதில் சரி அடையாளம். "நாம என்ன விக்கவா போறோம்?" என்று, புதுக் கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிப்பது மாதிரி, அதை எடுத்துவிட்டார். உங்கள் எஞ்சினியர்கள் சாவை நீக்கவில்லை மாமா, மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

சிரிப்பு நின்றது. முகம் சாம்பல் நிறமானது. கண் மூடிக்கொண்டது. "நோயாளி இறந்துவிட்டார். காரணம் அறிய இங்கே அழுத்தவும்" என்று வந்தது. அழுத்தினேன். "மூன்று டோஸ் ஒன்றாகக் கொடுக்கப்பட்டது" என்று வந்தது. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்து, "செத்துட்டான்! செத்துட்டான்டி! காரணம்கூடச் சொல்றான்டி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கீழ்வீட்டு அக்கா மேலே ஓடிவந்து யார் என்று கேட்டார். மாமா என்றேன். அவர் அழத் தொடங்கிவிட்டார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை உங்களுடையதுதான் போகிறது. மூன்று டோஸையும் துறைத் தலைவர் கையாலேயே கொடுக்க வைக்கப் போகிறாளாம் அம்மா. அதன் பிறகு அவர் போர்டில் என்ன வரைகிறார் என்று பார்க்கலாம் என்கிறாள். ஆனால் முகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மீசை இல்லாதவராக இருந்தால் நல்லது என்கிறார் அப்பா. அவர் இன்னும் கடைக்குப் போகவில்லை.

அம்மா குதித்து முடித்துவிட்டுத் திரையைத் திரும்பப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் எடுக்கவில்லை. டிரைவிங்கில் இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள் மாமா. "சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்பாள். சாப்பிட்டிருந்தாலும், "இல்லைக்கா, வரேன்" என்று சொல்லுங்கள்.