காஜா அண்ணன் சாலையைக் கடந்த கதை

முதுகில் அடிபட்டுக் கால் விளங்காமல் போனவர்களை நடக்க வைக்கும் ரோபோ இயந்திரத்தை உலகத்தில் முதன்முதலில் செய்தது யார் என்று கேட்டால், ஜப்பான், சுவிட்சர்லாந்து என்று ஏதாவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அது மலாக்காவில், காஜா பெராங் தெருவில், ஒரு சைக்கிள் கடையை ஒட்டிய சந்தில், நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் செய்யப்பட்டது. செய்யச் சொன்னவரும் அதில் ஏறி நடந்தவரும் காஜா அண்ணன். அதற்கு மோட்டார் நான்.

போன வாரம் என் மகள் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். தண்டுவடத்தில் அடிபட்ட ஓர் இளைஞனை வார்ப்பட்டைகளில் தொங்கவிட்டு, இரண்டு இரும்புக் கைகள் அவன் கால்களைப் பிடித்து மாற்றி மாற்றி எடுத்துவைக்கின்றன. "மெஷினே நடக்க வைக்குதுப்பா, பார்த்தீங்களா?" என்றாள். பார்த்தேன். எனக்குத் தொடை வலித்தது.

காஜா அண்ணனின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் லாரி முதலாளிக்கும் தெரிந்திருக்கலாம். மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் கடுங்கோபம். அப்படிப்பட்ட தெருவில் உருவத்தில் பாதி யானையும் கோபத்தில் முழு யானையுமாக ஒருவர் குடியிருந்தால் ஜனங்கள் வேறு பெயரா தேடுவார்கள்? தோட்டங்களிலிருந்து ரப்பர் ஏற்றிவரும் லாரி ஓட்டினார். பத்து பெரெண்டாம் சாலையில் மேயும் கோழிகள்கூட அவர் ஹாரனை அடையாளம் கண்டு ஒதுங்கும் என்பார்கள்.

லாரியை எடுக்குமுன் எதிர்வரிசையில் இருந்த ஒட்டுக்கடையில் கோப்பி குடிப்பார். கடைக்காரரை எல்லாரும் நானா என்போம். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். மெலிந்த ஆள், வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும்.

"என்ன நானா, கிளேபாங் கடல்ல மொண்டுட்டு வந்தியா? உப்புக் கரிக்குது."

"யோவ் காஜா, கோப்பி நல்லாத்தான்யா இருக்கு. ராத்திரி உன் பொண்டாட்டி திட்டுனதுல அழுதிருப்பே. அது உள்ள விழுந்திருக்கும்."

இதிலிருந்து தொடங்கி இருவரும் பாட்டன் முப்பாட்டன் வரை போய்த் திரும்புவார்கள். எங்களுக்கு ரொட்டி சானாய்க்கு அதுதான் தொட்டுக்கொள்ள.

அந்த வேகத்தில் ஓட்டியவருக்கு ஓட்டத்தில் ஒரு கீறலும் விழவில்லை. நிறுத்திவைத்திருந்த லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டினார். கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தார். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தண்டுவடத்து நரம்பு முழுதாக அறுபடவில்லை, விடாமல் பழக்கினால் கால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அண்ணன் அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்த முதல் நாள் காலையில், நானா ஒரு மங்குக் கோப்பையில் கோப்பி ஊற்றி மூடி அனுப்பிவைத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நானா, தண்ணியா இருக்கு" என்றார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

எதிரிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மன்னிச்சுக்குங்கண்ணே. நாளைக்கு நல்லா கலக்குறேன்."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "அண்ணேங்கிறான்டா" என்றார் என்னிடம். "மன்னிப்பு வேற கேக்குறான். அப்ப நான் முடிஞ்சுட்டேனா?"

தெருவில் எல்லாருமே அப்படித்தான் மாறியிருந்தோம். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினோம். மழை வரும் என்றார், வரும் என்றோம். வராது என்றார், வராது என்றோம். மனிதர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் அறிவிப்பு வந்தது. "நான் நடந்து போய் அந்தக் கடையில உக்காரணும். அவன் வாயால ‘யோவ்’னு கேக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க."

செய்தவர் பக்கத்துச் சைக்கிள் கடைப் பிள்ளை. மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழ் வம்சம். பெயர்தான் பிள்ளை, வாயைத் திறந்தால் மலாய். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தமிழில் கத்துவார்; பிள்ளை மலாயில் முனகிக்கொண்டே முடுக்குவார். பத்து பெரெண்டாம் விமானத் திடலிலிருந்து பழைய சாமான் கடைக்கு வந்திருந்த ஒரு பாராசூட் வாரைச் சந்துக்கு மேல் போட்டிருந்த கூரையின் உத்தரத்தில் மாட்டினார்கள். அண்ணன் அதில் தொங்குவார். பாதத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைகள், முழங்காலுக்குத் துணிப்பட்டை. பின்னால் சக்கரம் கழற்றிய ஒரு சைக்கிள். அதை மிதித்தால் அரிசி ஆலையின் பழைய பெல்ட் ஒன்று சுழன்று, பலகைகள் மாறி மாறி எழுந்து இறங்கும். அண்ணன் கால்களும் கூடவே போகும். நடை உண்டு, பயணம் கிடையாது.

நான் அப்போது பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் குமாஸ்தா. "நாள் பூரா அங்க உக்காந்துதானே இருக்கே, சாயங்காலம் இங்க உக்காரு" என்று என்னைச் சைக்கிளில் ஏற்றினார் அண்ணன். கொஞ்சம் சுணங்கினால், "மிதிடா, சோத்து மூட்டை" என்பார். நானாவின் கடை ரேடியோதான் எங்களுக்குத் தாளம். செய்தி வாசித்தால் அண்ணன் கோயில் தேர் மாதிரி நகர்வார். குத்துப்பாட்டு வந்துவிட்டால் உத்தரம் ஆடும்.

ஒரு வாரம் இப்படிப் போனது. நானா தினமும் கடைவாசலில் நின்று பார்த்து, "நல்லா நடக்குறீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அண்ணி துண்டை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தார். அவர் கால்களையே பார்த்தார்.

"ஏங்க, பின்னாலயே போய்க்கிட்டு இருக்கீங்க?"

உண்மைதான். பெல்ட் மாட்டும்போது அண்ணன், "முந்து, முந்து" என்று கத்தியிருக்கிறார். மலாயில் முண்டுர் என்றால் பின்வாங்கு. மனுஷர் விருப்பம் இதுதான் போலிருக்கிறது என்று பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு, பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே முறுக்கி மாட்டிவிட்டார். எனக்குத் தெரிந்தது அண்ணனின் முதுகு மட்டும். அண்ணனுக்கோ காலில் உணர்ச்சியே சரியாக இல்லை. இயந்திரம் இருந்த இடத்தைவிட்டு நகராததால் எங்கள் இருவருக்கும் திசை புரியவில்லை.

"லாரியிலகூட இவ்ளோ தூரம் கோஸ்தான் அடிச்சதில்லடா" என்றார் அண்ணன். லாரியைப் பின்னால் எடுப்பதை எங்கள் ஊரில் கோஸ்தான் என்போம். பிள்ளையின் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. எதிர்க்கடையைப் பார்த்தார்.

"நானா, உனக்கு இது தெரியுமா?"

நானா தலையைக் குனிந்துகொண்டார். "மொத நாளே தெரியும்ணே. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான்…"

பழைய நானாவாக இருந்தால் முதல் நாளே தெருவைக் கூட்டி வைத்துச் சிரித்திருப்பார். அது அண்ணனுக்கும் தெரியும். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. வாரைக் கழற்றி இறக்கச் சொன்னார். இரவு சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். அவர் திட்டாமல் இருந்தது எனக்குத் தாங்கவே இல்லை.

மறுநாள் பிள்ளை பெல்ட்டை நேராக்கினார். நான் வந்து ஏறியதும், "மிதிடா, சோத்து மூட்டை" என்றார் அண்ணன். எனக்கு உயிர் வந்தது.

மாதக்கணக்கில் மிதித்தேன். என் கால்சட்டைகள் தொடையில் இறுகின. ஒரு சாயங்காலம் அண்ணனின் வலது கால் பெருவிரல் தானாக அசைந்தது. "இவ்ளோ நாளா எங்கடா போயிருந்தே?" என்று அதையும் திட்டினார். பிறகு வாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பிள்ளை சைக்கிள் குழாயை வளைத்து முழங்காலுக்குத் தாங்கி செய்தார். இரண்டு கைத்தடிகளோடு அண்ணன் நின்றார், விழுந்தார், எங்களைத் திட்டினார், மறுபடி நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் தெருப்பலகைகளை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் ரோடு என்று இருந்ததை எடுத்துவிட்டு, நானாவின் கடை ஓரமாக ஒரு புதுப் பலகை நட்டார்கள். ஜாலான் காஜா பெராங். ஜாலான் என்றால் சாலை. நட என்றாலும் அதே ஜாலான்தான். பிள்ளை அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நட, கோபக்கார யானையே.

அண்ணன் பலகையை முறைத்தார். "சுதந்திரம் வந்து நாலு நாளாகல. அதுக்குள்ள போர்டு போட்டு விரட்டுறானுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட்டார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பிள்ளை, தொடக்கூடாது என்று உத்தரவு. பாதிச் சாலை வரை வந்தார். அங்கே கால்கள் நடுங்கத் தொடங்கின. தடி முன்னால் போகவில்லை. டவுனிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. டிரைவர் ஹாரன்கூட அடிக்காமல் மரியாதையாகக் காத்திருந்தார். தெரு மொத்தமும் ஒதுங்கி நின்றது. அந்த மரியாதையில் மனிதர் இன்னும் தளர்ந்தார்.

நானா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே, உக்காருங்கண்ணே."

காஜா அண்ணன் அவரைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லாமல் நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். கெஞ்சினார். வாயால் அல்ல, கண்ணால்.

நானா முக்காலியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். முக்காலியோடு திரும்பிப் போய், அதைக் கடைக்குள் போட்டுவிட்டு, அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"யோவ் காஜா. ரோடு என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா? பஸ்ஸு நிக்குதுய்யா. இங்க கோப்பி ஆறுது. வர்றதுன்னா வா, இல்லன்னா கோஸ்தான் அடிச்சு வீட்டுக்குப் போ."

தடி நகர்ந்தது. கால் நகர்ந்தது. அண்ணன் வந்து முக்காலியில் உட்கார்ந்து, கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"தண்ணி."

"தண்ணின்னா கீழ வைய்யா. ஒன்ன யாரு கூப்பிட்டா?"

சாலை காலியாகியும் பஸ் கிளம்பவில்லை. டிரைவரும் இறங்கிவந்து சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி மட்டும் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"இந்த மெஷினுக்குக் களைப்பே வராதுப்பா, கோபமும் வராது" என்றாள் என் மகள். நல்ல இயந்திரம்தான். நானும் இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறேன். தெருவில் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், ஐயா என்கிறார்கள், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். காஜா அண்ணன் இருந்திருந்தால் ஒரு தடவையாவது சோத்து மூட்டை என்று கூப்பிட்டிருப்பார்.