சைலஸ் தாத்தா கொலைகாரர்தான், அக்கா

சவுத்எண்டில் இருக்கும் பெரில் அக்காவுக்கு,

லெய்டன்ஸ்டோனிலிருந்து தம்பி நார்மன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே உன் ரத்த அழுத்தமும் அத்தானின் காது மெஷினும் ஒழுங்காக இருக்க வேண்டுகிறேன். நீ போனை எடுப்பதில்லை என்பதால் கடிதம். ஏன் எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விஷயம் நம் கொள்ளுத்தாத்தா சைலஸின் கத்தி. நான் சேர்ந்திருக்கும் வைட்சேப்பல் சங்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். 1888இல் லண்டனின் அந்தப் பேட்டையில் பெண்களை வெட்டிக் கொன்று, பிடிபடாமலே போனவன் யார் என்று மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதுக்கடை மாடியில் கூடி விசாரிக்கிறோம். எங்கள் வழக்கம், ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சந்தேக ஆள் வேண்டும். ஒருவர் ஆளை இன்னொருவர் தொடக்கூடாது. தலைவர் பார்கெட்டர் ஒரு டாக்டரை வைத்திருக்கிறார். திருமதி டன்மோர் ஒரு இளவரசரை. கொலை நடந்த அன்று அவர் ஸ்காட்லாந்தில் இருந்ததாக ருசுவானபோதுகூட அந்த அம்மாள், "அவ்வளவு தூரம் எதுக்குப் போனாராம்? அதுதான் எனக்குச் சந்தேகமே" என்று ஒரே போடாகப் போட்டார். வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரைக்கூட ஒருவர் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஆள் இல்லை. ஆள் இல்லாதவனுக்கு மேஜையில் நாற்காலி கிடையாது. பதினோரு மாதமாக டீ போட்டுக் கோப்பை கழுவுகிறேன். என் பெண்டாட்டி ஜோன் போனதற்கப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான் அக்கா, அங்கேயும் டீக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்போதுதான் சைலஸ் தாத்தா ஞாபகம் வந்தார். வைட்சேப்பலில் வீடு வீடாகப் பூனைகளுக்குக் குதிரைக்கறி விற்றவர். கையில் கத்தி, இடுப்பில் ரத்தக் கறைத் துணி, யார் கேட்பார்கள்? நவம்பரில் கொலைகள் நின்றன. டிசம்பரில் மனுஷன் குடும்பத்தோடு சவுத்எண்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சுச் சளிக்குக் கடல்காற்று வேண்டி என்பாய். யார் சொன்னது? அவரே சொன்னதுதானே. பார்த்தாயா! இதைச் சங்கத்தில் சொன்னதும் பார்கெட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டன்மோர் அம்மாள் தன் கையால் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். வருகிற கூட்டத்தில் கத்தியைக் காட்டினால் நாற்காலி எனக்கே.

அதைக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "அந்தக் கத்தியாலதான்டா நாப்பது வருஷமா கிறிஸ்துமஸ் கேக் வெட்டறேன், போய் வேற வேலையப் பாரு." நாற்பது வருஷமாக எதற்கு அக்கா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய்? யாரைக் காப்பாற்றுகிறாய்? தாத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அத்தான் மெஷினைக் கழற்றிவிடுகிறாரே, அது ஏன்? இன்னொன்று. பார்கெட்டர் உன் விலாசத்தை இரண்டு தடவை கேட்டார். என் ஆளைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறார். அவரைப் போலக் குட்டை டை கட்டியவர் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே.

கத்தியைக் கழுவாமல் துணியில் சுற்றி அத்தானிடம் கொடுத்தனுப்பவும். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக, பின்வாசலையும் பூட்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் தம்பி நார்மன் ஸ்டபிங்ஸ்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது, தாத்தாவைப் பற்றி நான் எழுதிக் கேட்டிருந்த ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை சைலஸ் தாத்தா ஜெயிலில் இருந்திருக்கிறார். பூனைக்கு வைத்திருந்த கறியை மாட்டுக்கறி என்று சொல்லி ஒரு கடைக்காரருக்கு விற்றாராம். ஒரு கொலையும் அவர் செய்திருக்க முடியாது. மூன்று தடவை படித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியவன்தான், ஆனால் அந்தப் பதிலை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன். அக்கா, உன் காலில் விழுகிறேன், அவர் நிரபராதி என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதே.